மாணவர்கள் பெயரில் நீங்கள் போடும் கையெழுத்து

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும் கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

போன செமஸ்டரில் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்காக ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளையில் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் தன் வகுப்பு வாட்ஸாப் குழுவில் வந்த செய்தியைக் காட்டினார். "எல்லோரும் மாலை 4 மணிக்குள் ரெஜிஸ்டர் செய்து ஸ்கிரீன்ஷாட் போடவும். போடாதவர்கள் பெயர் எச்.ஓ.டி.க்கு அனுப்பப்படும்." மாணவர்களுக்கு இலவசம் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஒரு ஏஐ சேவைக்கான பதிவு அது. அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "சார், ஐடி கார்டு போட்டோ கேக்குது. பேமென்ட்டுக்கு கார்டு நம்பரும் கேக்குது, எங்கப்பா கார்டுதான் இருக்கு. குடுக்கலாமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கொடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கொடுக்காதீர்கள் என்றால் நான்கு மணிக்கு அவர் பெயர் உங்கள் மேசைக்கு வந்துவிடும். யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானே இல்லை. நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் பதினாறு வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். இறுதியாண்டு ப்ராஜெக்ட்களைப் பார்க்கவும், லேபில் ஓரிரு நாள் பயிற்சி கொடுக்கவும் கல்லூரிகளுக்கு வந்துபோகிறேன். மாணவர் சலுகைகளுக்கு நான் எதிரி இல்லை. நான் படித்தபோது எங்கள் லேபில் இருந்த மென்பொருளில் பாதி, யாரோ பெண்டிரைவில் கொண்டுவந்த திருட்டுப் பிரதி. இன்று திருவண்ணாமலையில் படிக்கும் ஒரு பையனுக்கு, பெங்களூரில் சம்பளம் வாங்கும் பொறியாளர் கையில் இருக்கும் அதே கருவி, சட்டப்படி, ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கதவை மூடச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கதவில் நுழையும்போது பிள்ளைகள் எதை வெளியே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று உங்களில் யாராவது நின்று பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஐடி கார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2014 முதல் மாணவர்களுக்கென்று மென்பொருள் கருவிகளின் இலவசத் தொகுப்பு ஒன்றைக் கொடுக்கிறது. நல்ல தொகுப்பு, நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். அதை வாங்க, நீங்கள் மாணவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள், ஐடி கார்டைக் கேமராவில் காட்டச் சொல்வார்கள், நீங்கள் இருக்கும் இடத்தை அறிய உலாவியில் அனுமதி கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. வெளிநாட்டில் அந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்த ஐடி கார்டு வேறு. அதில் ஒரு புகைப்படம், பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், செல்லுபடியாகும் தேதி. அவ்வளவுதான்.

நம் ஊர் ஐடி கார்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் கழுத்திலும் ஒன்று தொங்கும். பெயர், படம், பதிவு எண். சரி. அப்புறம் பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, அப்பா பெயர், வீட்டு முகவரி கதவு எண்ணோடு, பெற்றோரின் கைப்பேசி எண். சில கார்டுகளில் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்பதுகூட இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணின் வீட்டு முகவரியும், அவர் காலையில் எந்த இடத்தில் பேருந்துக்கு நிற்பார் என்ற தகவலும் ஒரே படத்தில். விபத்து நடந்தால் உதவும் என்றுதான் நீங்கள் அச்சடித்தீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் படம் இப்போது ஒவ்வொரு சலுகைக்கும் ஒருமுறை எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது. சலுகை கொடுக்கும் நிறுவனமே சரிபார்க்கும் என்றும் இல்லை. 2025-இல் கூகுள் இந்திய மாணவர்களுக்கு 19,500 ரூபாய் மதிப்பு என்று சொல்லி ஓராண்டு ஏஐ சந்தாவை இலவசமாகக் கொடுத்தபோது, மாணவரா இல்லையா என்று சரிபார்க்கும் வேலை ஷீர்ஐடி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது. மாணவர் கூகுளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டுதான் படத்தை ஏற்றுவார்.

இதில் எனக்கு மிகவும் வலித்த காட்சி ஒன்று உண்டு. ஒரு லேபில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் ஐடி கார்டு நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம், அந்தக் கார்டில் ஆண்டு இல்லை, பேட்ச் எண் மட்டும் இருந்தது. அவன் கட்டண ரசீதை ஏற்றினான். அதுவும் போகவில்லை. மூன்றாவது முறை நான் எட்டிப் பார்த்தபோது, ஆதார் அட்டையைக் கீபோர்டின் மேல் வைத்து, வெளிச்சம் விழாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு, நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஆதாரை யாரும் கேட்கவில்லை. இலவசமாக ஒரு எடிட்டர், அதாவது நிரல் எழுதும் மென்பொருள், வேண்டும், பக்கத்துச் சீட்டுக்காரனுக்குக் கிடைத்துவிட்டது, தனக்குக் கிடைக்கவில்லை. அந்த அவசரம்தான். ஐடி கார்டில் ஒரு வருடத்தை அச்சடித்திருந்தால் அந்தப் பையன் ஆதாரைத் தொட்டிருக்கவே மாட்டான்.

இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. கல்லூரியின் சொந்த டொமைனில், அதாவது கல்லூரிப் பெயரிலான இணைய முகவரியில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி. ஜெட்பிரெய்ன்ஸ் போன்ற நிறுவனங்கள் கல்லூரி டொமைன்களின் பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. உங்கள் டொமைன் அதில் இருந்தால், அந்த முகவரிக்கு வரும் ஒரு இணைப்பைச் சொடுக்கினாலே போதும். கார்டு வேண்டாம், ரசீது வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு அந்த முகவரி இருக்கிறது, மாணவர்களுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால், "பசங்க பாஸ்வேர்ட மறந்துட்டு வந்து நிப்பாங்க சார்" என்கிறார் சிஸ்டம் அட்மின். அவர் கஷ்டம் எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சின்னக் கஷ்டத்தைத் தவிர்க்க நாம் கொடுக்கும் விலை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வீட்டு முகவரி.

ஜெட்பிரெய்ன்ஸ் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு உதாரணத்திலேயே தெளிவாகத் தெரியும். செக் நாட்டின் பிராகில் தொடங்கப்பட்ட நிறுவனம், நிரல் எழுதும் கருவிகள் செய்கிறார்கள். மாணவர்களுக்கு நெடுநாளாக இலவச உரிமம் உண்டு, ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரில் அவற்றில் வெப்ஸ்டார்ம், ரைடர் என்ற இரண்டு கருவிகளையும் வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தும் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். இதற்கு ஐடி கார்டு வேண்டாம், ஒரு கணக்கு இருந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: பெயரில்லாத பயன்பாட்டுப் புள்ளிவிவரம் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதை அணைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் அதை அணைத்துக்கொள்ளலாம். அப்புறம் 2025-இல் இன்னொரு அறிவிப்பு: வணிக நோக்கமில்லாத உரிமத்தில் இருப்பவர்களிடமிருந்து, அவர்கள் நிரலைத் திருத்தும் விதம், டெர்மினல் என்ற கட்டளைப் பெட்டியில் செய்வது, ஏஐ உதவியாளரிடம் கேட்பது உள்ளிட்ட விரிவான தரவு, தங்கள் ஏஐயை மேம்படுத்துவதற்காகச் சேகரிக்கப்படும். இது தானாகவே இயக்கத்தில் இருக்கும். வேண்டாம் என்பவர் அமைப்புகளுக்குள் போய் அணைத்துக்கொள்ளலாம்.

அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உள்ளதை வெளிப்படையாகச் சொன்னார்கள், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். நான் காட்ட விரும்புவது அந்த இரண்டு கதவுகளை. ஒரு கதவு, யார் நீ என்று கேட்கிறது. இன்னொரு கதவு, யாராக வேண்டுமானாலும் இரு, நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. லேபில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, ஐடி கார்டு நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இரண்டாவது கதவுக்குப் போகிறார்கள். எந்தக் கதவில் நுழைந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

முன்பெல்லாம் மாணவர் சலுகைக்கு ஒரு காரணம்தான் இருந்தது. இன்று எதில் கை பழகுகிறதோ அதையே நாளை வேலைக்குப் போன இடத்திலும் கேட்பார்கள், அப்போது கம்பெனி காசு கொடுக்கும். அது நியாயமான வியாபாரம்தான். இப்போது அதோடு இன்னொன்று சேர்ந்துவிட்டது. மனிதர்கள் எப்படித் தேடுகிறார்கள், எப்படித் தப்பு செய்து திருத்துகிறார்கள் என்ற பதிவுக்கே பெரிய மதிப்பு வந்துவிட்டது. கற்றுக்கொண்டிருக்கும் மாணவரைவிட அதிகமாகத் தப்பு செய்து திருத்துபவர் யார்?

2025-இன் இரண்டாம் பாதியில் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்ஸிட்டி ப்ரோ என்ற ஏஐ தேடல் சேவை ஓராண்டு இலவசம். அதே ஜூலையில் கூகுளின் மாணவர் சலுகை. அக்டோபர் கடைசியில் ஜியோ வழியாக கூகுளின் ஏஐயான ஜெமினி 18 மாதம், 35,100 ரூபாய் மதிப்பு என்றார்கள். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடியின் கோ என்ற சந்தா ஓராண்டு. இந்த விலைச் சீட்டுகளைப் பார்த்துத்தான் கல்லூரி நிர்வாகங்கள் அசந்துபோகின்றன. "ஒரு பையனுக்கு இருபதாயிரம், நம்மகிட்ட மூவாயிரம் பேர், கணக்குப் போட்டுப் பாருங்க" என்று ஒரு தாளாளர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. சாட்ஜிபிடியின் இலவச, கோ, ப்ளஸ் கணக்குகளில் நீங்கள் எழுதுவது அவர்களின் மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். அமைப்புகளில் போய் அணைத்தால்தான் நிற்கும். நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் தனியாக விற்கும் பதிப்பில் அது ஆரம்பத்திலிருந்தே அணைந்திருக்கும். ஜெமினியிலும் இதே கதை. தனிப்பட்ட ஜிமெயில் கணக்கில் செய்யும் உரையாடல்களில் சிலவற்றை மனிதர்கள் படித்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவை, நீங்கள் அழித்தாலும், மூன்று ஆண்டுகள் வரை அவர்களிடம் இருக்கும். கல்லூரி எடுத்துக் கொடுக்கும் கல்விக் கணக்கில் அந்த உரையாடலை மனிதர்கள் படிப்பதும் இல்லை, பயிற்சிக்கு எடுப்பதும் இல்லை. அதே செயலி, அதே மாணவர், அதே கேள்வி. எந்தக் கணக்கில் நுழைந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியிருக்க, பாதுகாப்பான கல்விக் கணக்கைக் கொடுக்கும் அதிகாரம் கையில் உள்ள நீங்களே, தனிப்பட்ட கணக்கில் பதிவுசெய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பு என்று விரட்டுவது எப்படிச் சரியாகும்?

இதன் விலையை மாணவர் மட்டும் கொடுப்பதில்லை. அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். ஒரு இறுதியாண்டுக் குழு, நான்கு பேர், நல்ல பிள்ளைகள். ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்து எளிய தமிழில் விளக்கும் செயலி செய்திருந்தார்கள். "உங்கள் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள்" என்று அது அழகாகச் சொன்னது. எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. சோதனைக்கு அறிக்கைகள் எங்கே கிடைத்தன என்று கேட்டேன். ஊரில் ஒரு லேப், குழுவில் ஒருவருடைய மாமா அங்கே வேலை செய்கிறார், இருநூறு அறிக்கைகள் கொடுத்தாராம். எக்செல் கோப்பைத் திறந்து காட்டினார்கள். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் வயது, மூன்றாவதில் கைப்பேசி எண். சர்க்கரை, எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரை அளவு, கர்ப்பப் பரிசோதனை முடிவு எல்லாம் வரிசையாக. இருநூறும் அப்படியே ஒரு ஏஐ சேவையின் இலவசப் பிரிவுக்குப் போயிருந்தன.

இப்படிப்பட்ட சேவைகளின் விதிமுறையில் என்ன எழுதியிருக்கும் என்பதற்கு செயலி எழுதுபவர்களுக்கான ஜெமினியின் டெவலப்பர் சேவையை எடுத்துக்கொள்ளலாம். காசு கட்டிப் பயன்படுத்தினால், அனுப்பும் தரவைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்த எடுப்பதில்லை. காசு கட்டாத பிரிவில் எடுப்பார்கள், மனிதர்கள் படிக்கவும் கூடும், ஆகவே அந்தரங்கமான, ரகசியமான, தனிப்பட்ட தகவலை இதில் அனுப்பாதீர்கள் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை அந்த நான்கு பேரும் படித்ததில்லை. அவர்களின் வழிகாட்டி ஆசிரியரும் படித்ததில்லை. மூன்று ரிவ்யூ தாண்டி வந்திருந்தது அந்த ப்ராஜெக்ட். அந்த இருநூறு பேரில் யாரோ ஒரு பெண், கல்யாணத்துக்கு முன் எடுத்த பரிசோதனையை அந்த லேபை நம்பித்தான் கொடுத்திருப்பார். கல்லூரி சில ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தால் காசு கட்டிய பிரிவிலேயே செய்திருக்கலாம். அல்லது முதல் மூன்று பத்திகளை அழிக்கச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், அது ஒரு நிமிட வேலை. நான் பெயர்களை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். போனது போனதுதான்.

இலவசம் என்று கொடுத்த வாக்கும் நிலைப்பதில்லை என்பது உங்களுக்கே அனுபவம். கல்வி நிலையங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் என்று கூகுள் சொன்னதை நம்பித்தான் எல்லோரும் போனோம். 2021 பிப்ரவரியில், ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று மாற்றி அறிவித்தார்கள், 2022-இல் அமலுக்கு வந்தது. இதேபோல, பள்ளி கல்லூரிக் கணக்குகளின் மின்னஞ்சலை விளம்பர நோக்கத்துக்காக ஸ்கேன் செய்வதை அவர்கள் நிறுத்தியது 2014 ஏப்ரலில்தான். அதற்கு முன் கையெழுத்துப் போட்ட நிர்வாகங்களில் எத்தனை பேர் அப்படி ஒன்று நடப்பதை அறிந்திருப்பார்கள்?

கையெழுத்து என்று சொன்னேன். அந்த இடத்துக்கு வருகிறேன்.

டென்மார்க்கில் ஹெல்சிங்கர் என்று ஒரு நகரம். அங்கே நகராட்சிப் பள்ளிகளில் கூகுளின் குரோம்புக் மடிக்கணினியும், மின்னஞ்சல், ஆவணங்கள் எல்லாம் அடங்கிய வொர்க்ஸ்பேஸும் பயன்பாட்டில் இருந்தன. 2022 ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. தடை யாருக்குத் தெரியுமா? நகராட்சிக்கு. பிள்ளைகளின் தரவுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் ஒழுங்காக ஆராயவில்லை, ஆகவே நிறுத்துங்கள் என்றார்கள். ஆஸ்திரியாவில் நடந்தது இன்னும் வேதனை. ஒரு மாணவர் தரப்பில், மைக்ரோசாஃப்ட் கல்விப் பதிப்பில் என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நிறுவனம், பள்ளியைக் கேளுங்கள் என்றது. பள்ளியிடம் சொல்ல ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அதற்கே தெரியாது. 2024 ஜூனில் புகார் போனது. 2025 அக்டோபரில் வெளிவந்த முடிவில், மாணவரைச் சட்டவிரோதமாகக் கண்காணித்தது மைக்ரோசாஃப்ட்தான் என்று அந்நாட்டு ஆணையம் சொன்னது. சரி, நிறுவனத்தின் மேல் தப்பு என்று ஆயிற்று. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. நாளை உங்கள் மாணவர் ஒருவர் உங்கள் அறைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டால், எடுத்துக் காட்ட உங்களிடம் என்ன கோப்பு இருக்கிறது?

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதன் 6-ஆம் பிரிவு, சம்மதம் என்றால் சுதந்திரமாக, எதற்கென்று அறிந்து, நிபந்தனையில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. நான்கு மணிக்குள் ஸ்கிரீன்ஷாட், இல்லாவிட்டால் பெயர் எச்.ஓ.டி.க்கு. இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது? 9-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பதினெட்டு வயது நிரம்பாதவர் இந்தச் சட்டத்தில் குழந்தை. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெறாமல் அவர்கள் தரவைத் தொடக்கூடாது. பொறியியல் முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உங்களிடம் எத்தனை பேர்? பாலிடெக்னிக் முதலாண்டில், பத்தாம் வகுப்பு முடித்து வரும் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள் நிறைய. கல்வி நிலையங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் இருப்பது உண்மை. அது நீங்கள் உங்கள் கல்விப் பணிக்காகச் செய்வதற்கு. சலுகை கொடுக்கும் மென்பொருள் நிறுவனம் கல்வி நிலையம் ஆகிவிடாது.

"இந்தப் பசங்க இன்ஸ்டாகிராம்ல எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் இருக்காங்க, இதுல மட்டும் என்ன வந்துச்சு" என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் போடுவது அவர்கள் விருப்பம். பிடிக்கவில்லையென்றால் நாளையே கணக்கை மூடலாம், அதனால் இன்டர்னல் மார்க் குறையாது. லேப் பாடத்தில் ஒரு கருவி கட்டாயம் என்று ஆகிவிட்டால் அந்த விருப்பம் போய்விடுகிறது. தனியாள் ஏற்றுக்கொள்ளும் தள்ளுபடிக்கும், வகுப்பறையில் திணிக்கப்படும் தள்ளுபடிக்கும் நடுவில் உங்கள் அதிகாரம் நிற்கிறது.

காசில்லை என்பதும் எனக்குத் தெரியும். கட்டணத்தைக் கூட்ட முடியாது, அரசு உதவித்தொகை தாமதமாகிறது, லேப் கணினியை மாற்றவே பணம் போதவில்லை. ஆனால் நான் கேட்பவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம்.

அடுத்த ஜூனில் புது ஐடி கார்டு அச்சடிக்கும்போது முன்பக்கத்தில் படம், பெயர், கல்லூரி, துறை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. இவ்வளவு போதும். ரத்தப் பிரிவு, பெற்றோர் எண், முகவரி எல்லாம் பின்பக்கம் போகட்டும். அச்சகத்தில் ஒரு வரி சொன்னால் முடிந்தது. மாணவர்களுக்குக் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுங்கள். அதோடு, லேப் கணினிகளுக்குச் சிஸ்டம் அட்மின் ஒரே நகலைத் தயார்செய்து எல்லாவற்றிலும் போடுகிறார் அல்லவா, அந்த நகலிலேயே பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் அமைப்புகளை அணைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் இது ஒரே ஒரு தேர்வு. அமைப்புகளின் தேடல் பெட்டியில் டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதன் பெயர் அது) என்று அடித்தால் வந்து நிற்கும், ஆஃப் என்று மாற்றினால் போதும். அதுவும் வேண்டாம் என்றால், அதே மூல நிரலிலிருந்து டெலிமெட்ரி இல்லாமல் கட்டிய விஎஸ்கோடியம் இலவசமாக இருக்கிறது. கணக்கீடுகளுக்கான கட்டண மென்பொருள் மாட்லாபுக்குப் பதிலாக, பல பாடங்களுக்கு இலவசமான சைலாப் போதும். கல்வியில் திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் அதற்குப் பாடப்புத்தகத் துணைகளே தயாரித்து வைத்திருக்கிறது, ஸ்போக்கன் டுட்டோரியல் என்ற தளத்தில் தமிழ் ஒலியிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. 2011 முதல் நம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. இந்தப் பாதை நமக்குப் புதிதில்லை.

கொஞ்சம் உழைப்பு வேண்டியது இது: சலுகை எதுவாக இருந்தாலும், கல்லூரி அதை மாணவர்களிடம் கொண்டுபோகும் முன் ஒருவர் அதன் விதிமுறையை முழுக்கப் படிக்க வேண்டும். என்ன தரவு போகிறது, எங்கே போகிறது, அணைக்க முடியுமா, வெளியேறினால் அழிப்பார்களா என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் மாணவருக்கு அதே பயிற்சியை வேறு கருவியில் செய்ய வழி இருக்க வேண்டும், மார்க் போகக் கூடாது. ப்ராஜெக்ட் முதல் ரிவ்யூவிலேயே "இதில் யாருடைய தகவல் இருக்கிறது, அது எங்கே போகிறது" என்ற கேள்வியைச் சேருங்கள். மூன்றாவது ரிவ்யூவில் வெளியிலிருந்து வரும் என்னைப் போன்ற ஒருவர் கேட்கும்வரை அது காத்திருக்கக் கூடாது.

அப்புறம், பேரம் பேசுங்கள். மூவாயிரம் மாணவர்களை ஒரே நாளில் பதிவுசெய்ய வைக்கும் பலம் உங்களிடம் இருக்கிறது என்றால், அந்தப் பலத்தை அவர்களுக்காகவும் பயன்படுத்தலாம். எங்கள் மாணவர்களுக்குத் தரவுச் சேகரிப்பு ஆரம்பத்திலேயே அணைந்திருக்க வேண்டும், ஐடி கார்டுக்குப் பதில் எங்கள் டொமைனை ஏற்றுக்கொள்ளுங்கள், தந்தையின் கார்டு எண் கேட்காதீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஒரு கல்லூரி கேட்டால் பதில் வராமல் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது.

அந்த மாணவிக்கு அன்று நான் சொன்னது இதுதான்: ஐடி கார்டின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள், அப்பாவின் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டாம், அதைக் கேட்டு நிறுத்தினால் உங்கள் ஆசிரியரிடம் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். மாலை நாலரைக்கு அவர் ஆசிரியரிடம் பேசவும் செய்தேன். "மேலிருந்து சொன்னாங்க சார், நான் என்ன பண்றது" என்றார் அவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மேலிடம் நீங்கள்தான்.

சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. கோவை, திருப்பூர், ஈரோடு சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன், பணம் வேண்டாம். உங்கள் சிஸ்டம் அட்மினும் நானும் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் லேப் நகலை முடித்துவிடலாம். நீங்கள் இப்போது கையெழுத்திட்டு வைத்திருக்கும் ஒப்பந்தங்களின் பட்டியலை மட்டும் அன்று எடுத்து வையுங்கள். மதியம் அதைச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்